வியாழக்கிழமைகளில் பதினைந்து நிமிடம்

டோக்கியோ
ஏப்ரல் 12, 1989

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே செர்ரிப் பூ கொட்டி முடிந்துவிட்டது. நேற்றைய மழையில் இதழ்களெல்லாம் சாக்கடை மூடிகளில் ஒட்டிக்கிடக்கின்றன. ககெகாவாவில் தேயிலை துளிர்விட்டிருக்கும். நீயும் ஷோஜி அத்தானும் நலம்தானே? அத்தானுடைய தோள்வலி தேவலையா?

ஒரு காரியம் ஆக வேண்டும். தொலைபேசியில் கேட்டால் நீ "ம்" என்று மட்டும் சொல்வாய். அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று முப்பத்தைந்து வருடமாக எனக்குத் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கார் வாங்கியிருக்கிறேன். இத்தாலிய வண்டி. சிவப்பு. பன்னிரண்டு சிலிண்டர், இரண்டே இருக்கை. பக்கத்தில் நின்றால் கூரை என் இடுப்புக்குத்தான் வருகிறது.

வாங்கிவிட்டேன், நிறுத்த இடமில்லை. நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீஸ் சான்று கொடுத்தால்தான் வண்டியைப் பதிவு செய்ய முடியும் என்பது உனக்குத் தெரியும். என் கட்டடத்தில் இருப்பது வண்டியைத் தட்டில் வைத்து மேலே தூக்கும் இயந்திரம். தட்டைவிட வண்டி ஒன்பது சென்டிமீட்டர் அகலம். சட்டப்படி அந்த இடம் வீட்டிலிருந்து ஐந்நூறு மீட்டருக்குள் இருக்க வேண்டும், அப்படி வேறு இடம் கிடையாது. இருக்கிற ஒன்றுக்கு நாற்பது பேர் காத்திருக்கிறார்கள்.

அப்பாவின் கடை லாரி நின்ற கொட்டகை காலியாகத்தானே இருக்கிறது? காகிதத்தில் மட்டும் என் குடியிருப்பை உன் வீட்டுக்கு மாற்றிக்கொண்டால், அது என் கொட்டகை ஆகிவிடும். நிலம் உன் பெயரில் இருக்கிறது. சம்மதப் படிவத்தை வைத்திருக்கிறேன். முத்திரை குத்தி அனுப்பு. இப்போதுதான் ககெகாவாவில் ஷின்கான்சென் ரயில் நிற்கிறதே, ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வந்து எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. வாரம் ஒருமுறை பதினைந்து நிமிடம் இன்ஜின் ஓட வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரி படுத்துவிடும். நீ வீட்டில்தானே இருக்கிறாய். வியாழக்கிழமை என்று வைத்துக்கொள். சாவியைத் திருப்பினால் போதும். நகர்த்த வேண்டாம். அத்தானையும் தொட விடாதே.

ஏன் வாங்கினாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நீ கேட்க மாட்டாய்.

உடம்பைப் பார்த்துக்கொள். பின்பனி இன்னும் விடவில்லை.

ருமிகோ


ககெகாவா
ஏப்ரல் 24

ருமிகோவுக்கு,

உன் கடிதம் வந்தது. இரவில் இன்னும் குளிர்கிறது. தேயிலைத் தோட்டங்களில் பனி படியாமலிருக்க விசிறிகள் சுற்றுகின்றன. நாங்கள் நலம். ஷோஜியின் தோள் அப்படியேதான் இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன்.

முத்திரை குத்தி இதில் வைத்திருக்கிறேன்.

நேற்றே போலீஸிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். படிவம் வருமுன் இடத்தை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று உன் விற்பனையாளர் சொல்லியிருந்தாராம். கொட்டகையை நாடா வைத்து அளந்தார்.

"தங்கச்சி இங்கதான் இருக்காங்களா?"

"மாடியில."

மாடியைப் பார்த்தார். "துணி ஒண்ணும் காயலயே."

"அவ அதிகம் துவைக்க மாட்டா."

சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டு போனார். பெயர் ஹொத்தா.

கொட்டகையைக் கூட்டிவிட்டேன். அப்பா லாரிச் சாவி மாட்டும் ஆணி இன்னும் இருக்கிறது. உன் சாவியை அதில் மாட்டுகிறேன்.

நீ சொன்னது சரி. நான் கேட்கவில்லை.

மழைக்காலம் வருமுன் ஒருமுறை பல்லை டாக்டரிடம் காட்டிவிடு. தள்ளிப்போடாதே.

கினுயோ


ககெகாவா
ஜூன் 3

ருமிகோவுக்கு,

முதல் பறிப்பு முடிந்துவிட்டது. புதுத் தேயிலை அரைக்கிலோ தனியாக அனுப்பியிருக்கிறேன். கொதிக்கிற தண்ணீரை ஊற்றாதே, ஆறவிட்டு ஊற்று. நாங்கள் நலம்.

வண்டி நீ நிறுத்திவிட்டுப் போனபடியே இருக்கிறது. மூன்று வியாழன் இன்ஜின் ஓட்டினேன். அடுக்களைக் கடிகாரத்தைக் கழற்றி எடுத்துப்போய் மடியில் வைத்துக்கொள்கிறேன். பதினைந்து நிமிடம். வண்டிக்குள் உட்கார்ந்தால் தெரு தெரிவதில்லை. எதிர்வீட்டுச் சுவரின் அடிப்பாகம்தான் தெரிகிறது.

முதல் வியாழன் தபால்காரர் சைக்கிளிலிருந்து இறங்கி நின்றுவிட்டார். இரண்டாவது வியாழன் ஷோஜி தொழிற்சாலையிலிருந்து மத்தியானமே வந்தார், பல்வலி என்று. பல்லைப் பிடித்துக்கொண்டு கொட்டகை வாசலில் நின்று கேட்டார். பியானோக்களுக்கு நடுவில் பத்து வருடம் இருந்தவர், அவருக்கு எல்லாமே சுரம்தான். "தாழக்க நல்லா இருக்கு. நடுவுல ஒரு பிசிறு. இது ஓடணும்னு கேக்குது," என்றார். நீ சொன்னதைச் சொன்னேன். தொடவில்லை.

காய்கறிக்காரர் இப்போது கொசுறு போடுவதில்லை. இந்த வண்டி நிற்கும் வீட்டுக்குக் கொசுறு எதற்கு என்று நினைக்கிறார் போலிருக்கிறது. வங்கியில் ஷோஜிக்கு எழுந்து வணக்கம் சொல்கிறார்கள்.

பக்கத்து வீட்டு இனகாகி அம்மாள், வீடு வீடாகக் கைமாறும் சுற்றறிக்கைப் பலகையைக் கொண்டுவந்தார். எப்போதும் வாசலில் வைத்துவிட்டுப் போகிறவர், உட்கார்ந்துவிட்டார்.

"அந்த வண்டி உங்க தங்கச்சியோடதாமே?"

"ஆமா."

"பூ அலங்காரம் பண்ற தங்கச்சிதானே? பூவுல இவ்ளோவா வருது?" சிரித்தார். "தப்பா சொல்லலங்க. இந்தக் காலத்துல சகஜம்தானே. யாரு வாங்கிக் குடுத்தது?"

"எனக்கென்ன தெரியும்," என்றேன்.

இரண்டாவது கோப்பையும் குடித்துவிட்டுப் போனார்.

மழை தொடங்கப் போகிறது. குடையை எங்கும் மறந்து வைக்காதே.

கினுயோ


டோக்கியோ
ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே ஐந்து நாளாக மழை. சட்டை, சுவர், காகிதம் எல்லாம் ஈரம். தேயிலை வந்தது. ஆறவிட்டுத்தான் ஊற்றினேன். அத்தானுக்கு என் விசாரிப்பு.

"எனக்கென்ன தெரியும்" என்று சொன்னாயா? உனக்குத் தெரியாதா?

நீ கேட்காததை நானே சொல்கிறேன். புதுக் கட்டடங்கள் திறக்கும்போது வாசலில் நிற்கிற ஆர்க்கிட் வளைவுகள் என்னுடையவை. நானும் என் ஆறு பேரும் விடியற்காலையிலிருந்து நின்று கட்டுகிறோம். கட்டி முடித்ததும் பின்வாசலுக்குப் போகச் சொல்வார்கள். வாளிகளோடு, குப்பைப் பைகளோடு. விழாவுக்கு அழைப்பிதழ் இருந்தாலும் டாக்சியில் வந்து இறங்கினால் வாசல்காரன், "பூவா? பின்னால," என்பான். ஒன்பது வருடம். இந்த வண்டியில் வந்து இறங்கினால் வாசல்காரன் ஓடி வருகிறான். அதற்காகத்தான் வாங்கினேன். வேகத்துக்கு இல்லை, சத்தத்துக்கும் இல்லை. ஒருவன் ஓடி வருவதற்கு.

முழுதாகச் சொன்னால், அவன் ஓடி வருகிறான், பிறகு எண்பலகையைப் பார்க்கிறான். இந்த மாதிரி வண்டிகள் இங்கே ஷினகாவா என்ற டோக்கியோப் பலகையோடுதான் நிற்கும். என்னுடையதில் உன் ஊர் வண்டிகள் பதிவாகும் ஹமாமட்சு, விலாங்கு மீனுக்குப் பேர்போன ஊர். போன வாரம் ஒருவன், "ஓ, ஹமாமட்சுவா! விலாங்கு டெலிவரிக்கு வந்தீங்களா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதே இடத்தில் ஒரு நிலத்தரகர்: "வண்டி பிரமாதம். உங்க முதலாளியோடதா?"

"என்னோடது."

"இல்ல, வாங்கினது?"

"நான்தான்."

"சரி சரி, கேக்கல, கேக்கல," என்று கண்ணடித்தார்.

அவர்களும் இனகாகி அம்மாளும் கேட்பது ஒரே கேள்வி. பதில் தெரிந்த ஒரே ஆள் நீ.

போகட்டும். உன்னிடம் சாவி இருப்பதில் எனக்கு நிம்மதிதான். உனக்கு ஓட்டத் தெரியாது. அதனால்தான் தைரியமாகக் கொடுத்தேன்.

ஈரத்தில் அத்தானின் தோளுக்குச் சூடு வை.

ருமிகோ


ககெகாவா
ஜூலை 2

ருமிகோவுக்கு,

மழை விட்டு விட்டுப் பெய்கிறது. நாங்கள் நலம். நீயும் நலமாக இரு.

ஒரு திருத்தம்.

எனக்கு ஓட்டத் தெரியும். பதினெட்டு வயதில் உரிமம் வாங்கினேன். ஆறு வருடம் அப்பாவின் கடை லாரியை ஓட்டினேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து பாட்டில்கள் உடையாமல் காலால் பெட்டியை அணைத்துக்கொண்டு வருவாய். உனக்கு ஞாபகம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். சாகே, பீர், சோயா. ஒவ்வொரு வீட்டுப் பின்வாசலிலும் நிறுத்திக் கத்துவேன்: "இவசே கடைங்க! சரக்கு வந்திருக்கு!" ஆகப் பின்வாசல் எனக்கும் தெரியும்.

ஷோஜி மாப்பிள்ளையாக இந்த வீட்டுக்கு வந்த மறுவாரம் அப்பா ஆணியிலிருந்து சாவியை எடுத்து அவரிடம் கொடுத்தார். "இனிமே பொண்ணு ஓட்டினா கடைக்கு நல்லா இருக்காது." ஷோஜிக்கு ஓட்டப் பிடிக்காது. என்னைப் பார்த்தார். வாங்கிக்கொண்டார். அப்போது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டே வருகிறேன். அலமாரியில் இருக்கிறது. பதினேழு வருடமாக ஒரு தவறும் பதிவாகவில்லை, ஓட்டினால்தானே.

வியாழன்தோறும் இன்ஜின் ஓட்டுகிறேன். கவலைப்படாதே.

வயிற்றைக் குளிரவிடாமல் தூங்கு.

கினுயோ


ககெகாவா
ஆகஸ்ட் 25

ருமிகோவுக்கு,

வெயில் இன்னும் குறையவில்லை. சிள்வண்டுகளின் குரல் மட்டும் மாறிவிட்டது. என் போன கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் வரவில்லை. முன்னோர் திதிக்கும் நீ வரவில்லை. வேலை அதிகம் என்று இருக்கட்டும். உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

அப்பாவின் கல்லறையைக் கழுவி, உன் பேரிலும் ஊதுவத்தி வைத்தேன்.

இந்தக் கோடை எனக்கு நன்றாகப் போயிற்று. பசிக்கிறது. ஷோஜி, "சத்தமா சிரிக்கிற இப்பல்லாம்," என்றார். நான் எதற்குச் சிரித்தேன் என்று தெரியவில்லை.

தெற்கே தோட்டங்களுக்கு நடுவில் புதிதாகச் சாலை போட்டிருக்கிறார்கள். யாரும் வருவதில்லை. இரண்டு பக்கமும் தேயிலை, வாரி வைத்த தலை மாதிரி. ஒரு மேடு ஏறினால் முழுக்க வானம்தான். நேற்று ஒமாஎசாகியில் கடல் கலங்கலாக இருந்தது. கலங்கரை விளக்கத்துக்குக் கீழே ஒரு கிழவர் கணவாய் சுட்டு விற்கிறார். ஒன்று வாங்கித் தின்றேன். கையெல்லாம் எண்ணெய். துடைத்துவிட்டுத்தான்.

உனக்கும் ஒன்று வாங்கலாம் என்று தோன்றியது. ஆறிவிடும்.

கோடைக் கடைசி வெயில் ஆபத்தானது. தொப்பி போட்டுக்கொள்.

கினுயோ


டோக்கியோ
செப்டம்பர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

மாலையில் காற்று மாறிவிட்டது. எழுதாமல் விட்டதற்கு மன்னித்துக்கொள். உன் ஜூலைக் கடிதத்துக்கு மூன்று முறை பதில் எழுதிக் கிழித்தேன். லாரி எனக்கு ஞாபகம் இருந்தது. அதை ஓட்டியது நீ என்பது ஞாபகம் இல்லை. என் ஞாபகத்தில் அந்த இருக்கையில் அப்பாதான் இருக்கிறார். ஏன் என்று தெரியவில்லை.

நேற்று நான் வந்தபோது நீ பேரிக்காய் உரித்துக் கொடுத்தாய். நன்றாகப் பேசினோம். பேசாததை எழுதுகிறேன்.

வண்டிக்குள் உட்கார்ந்தேன். முழங்கால் இடித்தது. இருக்கை நான்கு விரல் முன்னால் இருந்தது. உன்னைவிட எனக்குக் கால் நீளம், அத்தானுக்கு இன்னும் நீளம்.

துடைக்கும்போது நகர்ந்திருக்குமோ?

ஒமாஎசாகிக்கு நீ எப்போது போனாய்? அங்கே போகும் பஸ்ஸை நிறுத்திவிட்டதாகப் போன வருடம் நீதான் எழுதினாய்.

நான் அந்த வண்டியில் இதுவரை போயிருப்பது ஹோட்டல் வாசல்களுக்கு. நெடுஞ்சாலை நெரிசலில் மூன்று மணி நேரம் கிளட்சை மிதித்துக்கொண்டு. கடலைப் பார்க்கவில்லை.

அது என் வண்டி, அக்கா.

பருவம் மாறுகிறது. சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

ருமிகோ


ககெகாவா
செப்டம்பர் 18

ருமிகோவுக்கு,

வயல் வரப்பில் சிவப்பு லில்லி பூத்துவிட்டது. நாங்கள் நலம்.

துடைக்கும்போது நகர்ந்திருக்கும்.

ஒமாஎசாகிக்கு ஷோஜியின் சைக்கிளில் போனேன்.

உன் வண்டிதான். யாருக்குத் தெரியாது?

கினுயோ


டோக்கியோ
நவம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

ஜிங்கோ மரங்கள் மஞ்சளாகிவிட்டன. அத்தானும் நீயும் நலம் என்று நம்புகிறேன்.

இங்கேயே அசாபுவில் இடம் கிடைத்துவிட்டது. தரைத்தளம், கூரை உண்டு, காவலாளி உண்டு. பக்கத்திலேயே ஒரு சின்ன அறை எடுத்துக் குடியிருப்பை அங்கே மாற்றிக்கொள்கிறேன். ஷினகாவா பலகை வரும். விலாங்கு ஜோக்குகள் முடிந்தன.

டிசம்பர் பத்து, ஞாயிறு, வந்து எடுத்துப்போகிறேன். இத்தனை நாள் பார்த்துக்கொண்டதற்கு நன்றி. இன்னும் ஐந்து வியாழன்தான். சாவியை ஆணியிலேயே வைத்துவிடு, நானே எடுத்துக்கொள்கிறேன்.

சைக்கிளில் இருபத்தைந்து கிலோமீட்டர் என்பது அதிகம். முட்டியைப் பார்த்துக்கொள்.

ருமிகோ


ககெகாவா
நவம்பர் 25

ருமிகோவுக்கு,

மேற்கிலிருந்து காய்ந்த காற்று தொடங்கிவிட்டது. துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது.

ககெகாவா போலீஸிலிருந்து உன் பெயருக்கு ஒரு உறை வந்தது. பிரிக்கவில்லை. இதோடு வைத்திருக்கிறேன்.

கினுயோ


டோக்கியோ
டிசம்பர் 6

அக்காவுக்கு,

குளிர். நலமா?

திங்கட்கிழமை ககெகாவாவுக்கு வந்தேன். ரயிலிறங்கி நேரே போலீஸுக்குப் போனேன். உன் வீட்டுக்கு வரவில்லை. உன் தெருவைத் தாண்டும்போது டாக்சிக்காரரை வேகமாகப் போகச் சொன்னேன்.

புறவழிச் சாலையில் தானியங்கிக் கேமரா இருக்கிறதாம். நவம்பர் ஒன்பது, வியாழன், மத்தியானம் ஒன்று இருபது. அறுபது எல்லை. நூற்றிரண்டு.

ஒரு புகைப்படத்தை மேசைமேல் வைத்தார்கள். கறுப்பு வெள்ளை, கொஞ்சம் புள்ளி புள்ளியாக. என் வண்டியின் மூக்கு. ஹமாமட்சு பலகை. கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளைச் சமையல் அங்கியில் நீ. இரண்டு கையும் சக்கரத்தில். வாய் திறந்திருக்கிறது. பல் தெரிகிறது. பாடுகிறாயா, சிரிக்கிறாயா என்று தெரியவில்லை.

அக்கா, நான் உன் முகத்தை அப்படிப் பார்த்ததே இல்லை. கல்யாணத்தில் இல்லை, எதிலும் இல்லை.

"இது நீங்களா?" என்றார்.

"நான்தான்."

படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நம் இருவருக்கும் அப்பாவின் தாடை. "வயசு கொஞ்சம் அதிகமாத் தெரியுதே."

"காலைலேருந்து சாப்பிடல."

"சமையல் அங்கி?"

"நானும் சமைப்பேங்க."

எழுதிக்கொண்டார். முப்பது நாள் என் உரிமம் அவர்களிடம் இருக்குமாம், வரும் இருபதிலிருந்து. தேதியும் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

உனக்காகச் செய்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அப்படி நினைத்தால் எனக்கு நன்றாக இருக்கும், ஆனால் அது இல்லை. எட்டு மாதமாக வைத்திருக்கிறேன் அந்த வண்டியை. எனக்கு ஒருநாளும் அதில் அந்த முகம் வந்ததில்லை. வாசல்காரன் ஓடி வரும்போதுகூட. "இது நீங்களா?" என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்று சொல்ல ஆசையாக இருந்தது. பொறாமை என்றால் இவ்வளவு எளிமையாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

நானே என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். இனிமேல் அந்தப் படத்தில் இருப்பது நான்.

பத்தாம் தேதி வரவில்லை. வண்டி ஜனவரி கடைசிவரை அங்கேயே இருக்கட்டும். வியாழக்கிழமை இன்ஜினை ஓட்டு. நகர்த்துவதானால் நகர்த்திக்கொள். மெதுவாக.

வருடக் கடைசி வேலைகளில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

ருமிகோ


ககெகாவா
டிசம்பர் 15

ருமிகோவுக்கு,

காற்று நிற்கவில்லை. கொட்டகைத் தகரம் அடித்துக்கொண்டே இருக்கிறது. நாங்கள் நலம். நீ சாப்பிடாமல் ரயிலேறாதே.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. திங்கட்கிழமை போலீஸுக்குப் போனேன். அதே சமையல் அங்கியைப் போட்டுக்கொண்டு போனேன், மேலே கோட்டு. அங்கே இருந்தவர் ஹொத்தா. கொட்டகையை நாடா வைத்து அளந்தவர்.

"அந்தப் படத்துல இருக்கறது நான்," என்றேன்.

"உங்க தங்கச்சி வந்து 'நான்தான்'னு எழுதிக் குடுத்துட்டுப் போயாச்சே."

கோட்டைக் கழற்றினேன். அங்கியைப் பார்த்தார். படத்தை எடுத்துப் பார்த்தார்.

"இருபத்தாறு வருஷம் சர்வீஸ். இந்த நாற்காலில உக்காந்தவங்க அத்தன பேரும் 'நான் இல்ல, நான் இல்ல'ம்பாங்க. 'நான்தான், நான்தான்'னு ரெண்டு பேர் சண்டைக்கு வந்து இப்பதான் பாக்குறேன். மாடியில துணி காயாத தங்கச்சிதானே?"

"ஆமா."

"அவங்க அங்கதான் இருக்காங்களான்னு நான் கேக்கல. ஆனா பொய் எழுதிக் குடுத்தது தப்பு. அவங்களுக்கும் ஒரு நாள் வந்து திட்டு வாங்க வேண்டியிருக்கும்னு சொல்லிடுங்க."

சொல்லிவிட்டேன்.

படத்தை என் பக்கம் திருப்பினார். பார்த்தேன். நீ கேட்டாய், பாடுகிறேனா சிரிக்கிறேனா என்று. இரண்டும் இல்லை. உன் கடிதம் புதன்கிழமை வந்திருந்தது, ஐந்து வியாழன்தான் என்று. மறுநாள் வியாழன். சாலை காலியாக இருந்தது. நாலாவது கியரில் போட்டுக் கத்தினேன். "இவசே கடைங்க! சரக்கு வந்திருக்கு!" யாருக்குக் கத்தினேன் என்று தெரியாது. அப்போதுதான் சிவப்பாக ஒரு வெளிச்சம் அடித்தது.

ஒரு பிரதி கிடைக்குமா என்று கேட்டேன். தர மாட்டார்களாம்.

உனக்கு டோக்கியோ இருக்கிறது. ஆர்க்கிட் இருக்கிறது, அசாபு இருக்கிறது, வண்டி இருக்கிறது. சின்ன வயதில் நீ கேட்டதையெல்லாம் கொடுத்திருக்கிறேன். கேட்காததையும் கொடுத்திருக்கிறேன். இந்தக் கொட்டகையைக் கொடுத்தேன். இதை மட்டும் தர முடியாது. அது என் முகம். அதற்கான தண்டனையும் என்னுடையது. இருபதாம் தேதி என் உரிமத்தை வாங்கிக்கொள்கிறார்கள். உன்னுடையது உன்னிடமே இருக்கும். பதினேழு வருடம் சுத்தமாக இருந்த காகிதத்தில் இப்போது ஒரு வரி எழுதியிருக்கிறார்கள்.

ஷோஜியிடம் அன்று சாப்பாட்டின்போது சொன்னேன்.

"எவ்ளோ வேகம்?"

"நூத்தி ரெண்டு."

"மூணாவதா, நாலாவதா?"

"நாலாவது."

மீனில் முள் எடுத்துக்கொண்டே தலையாட்டினார். "அன்னைக்குத் தெக்கத்திக் காத்து. தொழிற்சாலை ஜன்னல் திறந்திருந்துச்சு. பிசிறு போயிடுச்சுன்னு நெனச்சேன்." அவ்வளவுதான். ஜூலையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

ஊருக்கும் தெரிந்துவிட்டது. இனகாகி அம்மாள் பலகையோடு வந்து உட்கார்ந்தார். அவர் வாயைத் திறக்குமுன் சொன்னேன்: "அது என் தங்கச்சி சொந்தமா சம்பாரிச்சு வாங்கின வண்டி. பூவுலதான்." அவர் நம்பவில்லை. அதைப் பற்றி நான் ஒன்றும் செய்ய முடியாது. ஜூன் மாதமே சொல்லியிருக்க வேண்டும்.

ஜனவரிவரை காத்திருக்க வேண்டாம். உன் உரிமம் உன்னிடம் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துப்போ. நேற்று வியாழக்கிழமை. கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு பதினைந்து நிமிடம் இன்ஜினை ஓட்டினேன். நகர்த்தவில்லை. சாவி ஆணியில் இருக்கிறது.

இருக்கையை நான் பின்னுக்குத் தள்ளி வைக்கவில்லை. அது என் அளவிலேயே இருக்கிறது. உட்காருமுன் நீயே தள்ளிக்கொள்.

புது வருடத்துக்கு மோச்சி அரிசிப் பலகாரம் அனுப்புகிறேன். மெல்லக் கடித்துத் தின்.

கினுயோ